‘முதல்’ என்ற அந்த ஒரு சொல்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் நடுப்பக்கத்தில் டிஸ்கோ திரும்பி வருவதைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் போனது. படத்துக்குக் கீழே ‘மட்டக்களப்பின் முதல் டிஸ்கோ இரவு’ என்று போட்டிருந்தீர்கள். அந்த இடத்தில் நின்றுவிட்டேன். கட்டுரைக்குள்ளும், இந்த ஊர் இப்போதுதான் இரவைக் கொண்டாடப் பழகுகிறது என்று ஒரு வரி. இருபது வருடத்துக்கு மேலாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவள் நான். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் நாவற்குடாவில் தையல் தொழில் செய்கிறேன். 1978 நவம்பர் 23 ஆம் திகதி சூறாவளி அடித்தபோது எனக்கு 16 வயது. கூரை போன வீட்டில் மிஞ்சியது அம்மாவின் கை மெசின். அதில்தான் தொழில் பழகினேன். எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பி வர மாதக்கணக்கானது. வந்த பிறகு எங்கு பார்த்தாலும் கசற். போனி எம் குழுவின் ஆங்கில டிஸ்கோப் பாட்டுகள், 1980 இல் நாஸியா ஹசன் என்ற 15 வயதுப் பிள்ளையின் ஹிந்திப் பாட்டு, 1982 இல் பப்பி லஹிரியின் இசை. ஒரு சொல் விளங்காமலே எல்லாவற்றையும் பாடினோம். கல்யாண வீட்டுக்கு முதல் நாள் இரவு, பந்தலில் கலர் பல்ப் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, தம்பிமார் விடியும்வரை ஆடினார்கள். அவர்கள் போட்டிருந்த சற்றின் சட்டையும் 24 அங்குல பெல்பொட்டமும் நான் தைத்தவை. மினுங்கும் சின்ன வட்டுகளை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்து, மேலே ஒரு மணி வைத்து இறுக்க வேண்டும். ஒரு சட்டைக்கு இரண்டு இரவு பிடிக்கும். அந்த இரவுகளை யாரிடம் கேட்டு நீங்கள் ‘இல்லை’ என்று முடிவு செய்தீர்கள்?

டிஸ்கோவுக்கு முன்பும் இந்த ஊர் இருட்டியதும் படுத்த ஊர் இல்லை. அது உங்களுக்குத் தெரியாததல்ல. கூத்துக் களரி விடிய விடியத்தான் நடக்கும். வடமோடிக் கூத்தின் அரசன், வளையம் வைத்து விரித்த கரப்புடுப்போடு சுற்றி ஆடும்போது, முடியில் பதித்த கண்ணாடித் துண்டுகள் வெளிச்சத்தை வாரி எங்கள் முகத்தில் எறியும். உங்கள் படத்தில் கூரையில் தொங்குகிற கண்ணாடி உருண்டை செய்வதும் அதே வேலைதான். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் வயலினும் அவர்களின் கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் இல்லாமல் இரவு முடியாது. போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டியது 1628 இல். அந்த மக்களின் ஆட்டம் இன்றுவரை இந்த ஊரில் இருக்கிறது. அவர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் கடைசியாக எப்போது படித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. வெள்ளம் வந்தால் எங்கள் படம் முன்பக்கத்தில் வரும். மற்ற நாட்களில் எங்கள் வாவியின் பாடும் மீன்தான். கரப்புடுப்பு கட்டத் தெரிந்த கைகள் குறைந்து வருவதைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடிதம் அனுப்பினேன். பிரசுரமாகவில்லை. அதற்காக நான் கோபிக்கவும் இல்லை.

சரி, இரவு எங்கே போனது? போர் தொடங்கிய 1983 க்குப் பிறகு கல்யாண வீடுகள் பகலுக்கு மாறின. 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்ட பிறகு பொழுது பட்டால் கதவைச் சாத்தி, விளக்கைத் தணித்து, நாய் குரைத்தால் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். மினுங்கும் சட்டை கேட்டு யாரும் வரவில்லை. பள்ளிக்கூடச் சீருடையும் வெள்ளைச் சேலைக்குச் சட்டையும் தைத்துப் பிள்ளைகளை வளர்த்தேன். இதெல்லாம் நடந்த ஊரைப் பார்த்து, இரவைக் கொண்டாட இப்போதுதான் பழகுகிறது என்று எழுத உங்கள் கட்டுரையாளருக்கு எப்படி மனம் வந்தது?

1979 ஜூலை 12 ஆம் திகதி சிக்காகோவில் ஒரு பேஸ்போல் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்ததை வேடிக்கை நிகழ்ச்சி போல எழுதியிருந்தார். வெடி என்ற சொல்லை எங்கள் ஊரில் வேடிக்கையாகப் படிக்கிறவர்கள் இல்லை, ஐயா. அந்தத் தட்டுகளில் பாடியவர்களில் எத்தனையோ பேர் கறுப்பின மக்கள். அதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அப்புறம் நியூயோர்க்கின் ஸ்டூடியோ 54 என்ற டிஸ்கோ விடுதி. வாசலில் ஆளைப் பார்த்து உள்ளே விடுவார்களாம், அதுதான் கவர்ச்சியாம். போன வருடம் என் தம்பியின் மகன், நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, நமது கரையோர ஹோட்டல் ஒன்றின் பார்ட்டிக்குப் போனான். கையில் காசும் இருந்தது. வெளிநாட்டவருக்கு மட்டும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். “மாமி, நம்மட கடல்தானே” என்றான். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீங்கள் போட்ட படமும் அப்படியான ஒரு ஹோட்டலில் எடுத்ததுதான். அதில் ஊர் முகம் ஒன்றுகூட இல்லை.

அதே பிள்ளைதான் எனக்கு இன்னொன்றையும் வாசித்துக் காட்டினான். 1970 இல் டேவிட் மன்குஸோ என்பவர் நியூயோர்க்கில் தன் வீட்டிலேயே ஆட்ட இரவு தொடங்கினார். அங்கே மது விற்கவில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடும் பழச்சாறும் கொடுத்தார். மற்ற இடங்களில் ஒதுக்கப்பட்ட கறுப்பினத்தவர்களும் ஆண்களை விரும்பும் ஆண்களும் அங்கே பயமில்லாமல் ஆடினார்கள். டிஸ்கோ முளைத்தது அப்படியான வீடுகளில். எங்கள் கல்யாணப் பந்தலுக்கு மிகக் கிட்டிய சங்கதி இது. கட்டுரையில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. கொழும்புக் கடைகளில் மினுங்கும் உடுப்பு என்ன விலை என்பதற்கு அரைப் பக்கம் இருந்தது.

டிஸ்கோ திரும்புவதில் எனக்குச் சந்தோஷம். போன மாதம் இரண்டு பெண் பிள்ளைகள் வந்து, “மாமி, பழைய மாதிரி மினுங்கிற சட்டை ஒண்டு தைக்கேலுமா” என்று கேட்டபோது கை நடுங்கியது. தைத்தும் கொடுத்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ‘முதல்’ என்ற அந்தச் சொல் தவறு என்று அடுத்த ஞாயிறு அதே நடுப்பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். 1982 இல் தம்பிக்குத் தைத்த சட்டை ஒன்று அலுமாரியில் இருக்கிறது. தோளில் கொஞ்ச வட்டுகள்தான் உதிர்ந்திருக்கின்றன. படம் எடுக்க ஆள் அனுப்புவதானால் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு அனுப்புங்கள். அதற்கு முன் மெசினில் இருப்பேன்.

இப்படிக்கு,
நாவற்குடா வாசகி,
மட்டக்களப்பு.