சிகிச்சை அட்டையே பாஸ் ஆகட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகப் புற்றுநோய் தினத்தன்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைக் கடையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும், பயப்படக் கூடாது என்றெல்லாம் நன்றாக எழுதியிருந்தார்கள். ஆரம்பித்த சிகிச்சை பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பது மட்டும் அதில் இல்லை. எங்கள் வீட்டில் அது நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மன்னார்குடியில் தையற்கடை வைத்திருக்கிறேன். 2020 பிப்ரவரியில் என் அக்காவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போது அவளுக்கு 51 வயது. ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது, கரண்டும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். கதிர்வீச்சைத்தான் எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்போம். வெளியிலிருந்து 25 நாள், அப்புறம் உள்ளே வைக்கிற கரண்ட் 3 முறை. மார்ச் 2, திங்கட்கிழமை, தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் ஆரம்பித்தோம். திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் பஸ்ஸில் போய் மதியம் திரும்பிவிடுவோம். கரண்டுக்கு முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். மெஷினுக்குள் சில நிமிடம்தான். முடிந்ததும் ஒரு அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துத் தருவார்கள்.

மார்ச் 24-ல் 17-வது கையெழுத்து. அன்று மாலையே 144 தடை வந்தது. ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் பேசி, 21 நாள் ஊரடங்கு என்றார். 18-வது கையெழுத்து ஏப்ரல் 15-ல்தான் விழுந்தது.

இடையில் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் நாளே தெரிந்தவரின் காரைக் கேட்டு வாங்கிக் கிளம்பினோம். வடுவூர் தாண்டி மாவட்ட எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருத்துவமனைக்குப் போன் செய்தால், "நிலைமை சரியானதும் வாங்க" என்றார்கள். பாஸ் கொடுக்கும் இடத்துக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம், இவற்றுக்குத்தான் பாஸ் என்றார்கள். "கேன்சருங்க, கரண்ட் பாதியில நிக்குது" என்றேன். அங்கிருந்தவர் அக்காவைப் பார்த்துவிட்டு, "அவங்க நடந்துதானேம்மா வந்திருக்காங்க, இது எப்படி அவசரம்?" என்று கேட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் முன்னால் அவ்வளவு கூட்டம் நின்றது. அவசரம் என்றால் ரத்தம், மூச்சுத்திணறல், 108 வண்டி என்றுதான் அவருக்குத் தெரிந்திருந்தது. நான்கு முறை அலைந்த பிறகு பாஸ் கிடைத்தது.

அந்த 21 நாளில் எனக்கு மறக்காதது ஒன்று உண்டு. கரண்ட் சரியாக எந்த இடத்தில் விழ வேண்டும் என்று அக்காவின் இடுப்பிலும் அடிவயிற்றிலும் மையால் குறி போட்டிருந்தார்கள். சோப்புப் போடக் கூடாது, அழியக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பங்குனி வெயிலில் வியர்வை நிற்குமா? கோடுகள் மங்கிக்கொண்டே வந்தன. "நீ துணியில குறி வைக்கிறவதானேடி, இதையும் அழியாமப் பாத்துக்க" என்றாள். ஒருநாள் விட்டு ஒருநாள், ஸ்கெட்ச் பேனாவால் அந்தக் கோட்டின் மேலேயே இழுத்துவிடுவேன். நூலளவுகூட விலகாது. தஞ்சாவூர் போனதும், "இதை வைத்துச் செய்ய முடியாதும்மா" என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக அளந்து குறித்தார்கள். அது சரிதான். ஆனால் அக்காவின் முகம் சுருங்கிப் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இந்த நோய்க்கு வெளிக்கரண்ட், உள்கரண்ட் எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள், அதாவது 56 நாளில் முடிய வேண்டுமாம். இடைவெளி விட்டால் தப்பிப் பிழைத்த செல்கள் மறுபடி பெருகும். அதற்கு மேல் தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஒரு சதவீதம் அளவுக்குக் குறையலாம் என்று பின்னால் டாக்டர் விளக்கினார். உள்கரண்டுக்கு மயக்க மருந்து டாக்டர் வேண்டும். அவர் கொரோனா வார்டில் இருந்தார். கொரோனா டெஸ்ட் ரிசல்ட்டுக்கும் காத்திருந்தோம். கடைசிக் கையெழுத்து மே 21-ல் விழுந்தது. மொத்தம் 81 நாள்.

2021 தீபாவளிக்கு முன் நோய் திரும்பி வந்தது. 2022 மாசியில் அக்கா போய்விட்டாள். அந்த இடைவெளிதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். "அதுதான்னு சொல்ல முடியாதும்மா, இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். அவளுக்குக் கடைசிவரை கொரோனா வரவே இல்லை. கொரோனாக் காலத்து இழப்பு என்று எந்தக் கணக்கிலும் அவள் பெயர் ஏறாது.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை. நர்சிங் படிக்கும் என் மகள், 2021-ல் லான்செட் ஆன்காலஜி என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வைக் காட்டினாள். நம் நாட்டுப் புற்றுநோய் மருத்துவமனைகளின் கூட்டமைப்பான நேஷனல் கேன்சர் கிரிட்டைச் சேர்ந்த 41 மையங்களில் 2019 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவு செய்தவர்கள் 1,12,270 பேர். 2020-ல் அதே மூன்று மாதத்தில் 51,760 பேர். பெரிய ஆபரேஷன்கள் ஏறக்குறைய பாதியாகின. வராமல் போன அந்த அறுபதாயிரம் பேரும் எங்கே இருந்தார்கள்? கட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டு வீட்டில்தானே இருந்திருப்பார்கள்?

டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு 15 நாள் கரண்டுக்குப் பதில் 5 நாளில் முடிக்கலாம் என்ற பிரிட்டன் ஆய்வு அந்த ஏப்ரலில்தான் வந்தது. சிகிச்சை நாட்களை அவர்கள் குறைக்கப் பார்த்தார்கள். மருத்துவமனைக்குப் போகிற வழியைத் திறந்துவிட வேண்டியது அரசு.

கேட்பது ஒன்றுதான். இன்னொரு ஊரடங்கு வந்தால், வெள்ளம் புயல் என்று சாலையை அடைத்தால், கரண்ட், கீமோ, டயாலிசிஸ் அட்டை கையில் இருப்பவரையும் கூட வரும் ஒருவரையும் வேறு பாஸ் கேட்காமல் விட வேண்டும். அவசரம் என்ற சொல்லுக்குள் இவர்களும் உண்டு என்று உத்தரவிலேயே அச்சடிக்க வேண்டும். பாதியில் நின்ற கரண்டை வேறு ஊர் மெஷினில் தொடர்வது லேசில்லை, திட்டத்தையே மறுபடி போட வேண்டும். எனவே ஆரம்பித்த இடத்துக்கே அவர்கள் போய்ச் சேர வேண்டும். பஸ் இல்லையென்றால் வண்டி அனுப்ப வேண்டும். யார் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீடு வீடாக வருகிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் பெண்ணுக்கு ஒவ்வொரு வீட்டு மாத்திரையும் அத்துப்படி.

அக்காவின் அட்டை என்னிடம்தான் இருக்கிறது. மார்ச் 24-க்கு அடுத்த கட்டத்தில் ஏப்ரல் 15 என்று எழுதியிருக்கும். அதன் ஜெராக்ஸை இத்துடன் வைத்திருக்கிறேன். இன்னொரு ஜெராக்ஸை மனுவோடு சேர்த்து, வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மன்னார்குடி