ரியாலிட்டி ஷோ எடிட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எடிட்டர் தோழர்களே,

"நடுவர் முடிவு பண்ணிட்டார். காரணம் தெரியுற மாதிரி வெட்டிக் கொடு." இந்த வேலையைச் செய்யாதவர் நம்மில் யார்? ஒரு சமையல் போட்டியில், நன்றாகவே சமைத்த ஒரு பெண்ணை நடுவர் வெளியே அனுப்பினார். ராத்திரி இரண்டு மணிவரை, எடுத்து வைத்திருந்த மொத்தப் புட்டேஜையும் ஓட்டிப் பார்த்து, அவர் கரண்டியைத் தவறவிட்ட மூன்று விநாடியைத் தேடி எடுத்தேன். அதை இரண்டு முறை காட்டி, அடியில் 'டொம்' என்று ஒரு சத்தமும் போட்டேன். எபிசோட் ஓடியபோது என் அம்மாவே சொன்னார்: "அந்தப் பொண்ணுக்குக் கவனம் பத்தலைடா."

அமெரிக்காவில் இதே வேலை அதிபர் தேர்தல்வரை போனது. 2004 ஜனவரியில் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய 'தி அப்ரெண்டிஸ்' நிகழ்ச்சியில் டொனால்ட் டிரம்ப்தான் முதலாளி. வாரம் ஒரு போட்டியாளரைப் பார்த்து 'யூ ஆர் ஃபயர்ட்' (உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டேன்) என்பார். முதல் சீசனின் கடைசி எபிசோடை சுமார் 2.8 கோடிப் பேர் பார்த்தார்கள். சில வாரம் அவர் எடுத்த முடிவுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. அதற்குப் பொருத்தமான காட்சிகளைத் தேடிப் புட்டேஜ் முழுக்கத் தோண்டினோம் என்று அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொன்னார்கள். அந்தக் கம்பீரமான போர்டு ரூம், டிரம்ப் டவருக்குள் நிகழ்ச்சிக்காகப் போட்ட செட். அதே 2004 நவம்பரில் அவருடைய சூதாட்ட விடுதி நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. டி.வி. பார்த்தவர்களுக்கோ அவர் சறுக்காத முதலாளி.

2016இல் அவருக்கு ஓட்டு போட்டவர்களை ஏமாளிகள் என்று நான் சொல்லவே மாட்டேன். மூடிய ஆலைகள், போன வேலைகள், பழைய கட்சிகள் மேல் கோபம், எல்லாம் இருந்தது. ஆனால் 'சட்டென்று முடிவெடுக்கத் தெரிந்தவர்' என்ற பெயரில் ஒரு பங்கு எடிட்டிங் மேஜையில் உருவானது.

நம் ஊரில் எம்.ஜி.ஆர். 1977இல் முதல்வரானபோது, திரையில் பார்த்தது சினிமா என்றாவது மக்களுக்குத் தெரியும். நாம் வெட்டுவதற்குப் பெயரே 'ரியாலிட்டி'.

என் தூக்கத்தைக் கெடுப்பது அப்புறம் நடந்ததுதான். 'தி அப்ரெண்டிஸ்' தயாரிப்பாளர்களில் ஒருவரான பில் புருயிட், உள்ளே நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்று தன்னைக் கட்டிப்போட்டிருந்த 20 ஆண்டு ஒப்பந்தம் முடிந்த பிறகு, 2024 மே மாதம்தான் விரிவாக எழுதினார். என்.பி.சி.யில் விளம்பரப் பொறுப்பில் இருந்த ஜான் மில்லர், அந்தப் பிம்பத்தை உருவாக்கியதற்காக 2024 அக்டோபரில் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் டிரம்ப் நின்ற இரண்டு தேர்தல்கள் முடிந்து, மூன்றாவதுக்குச் சில வாரங்களே இருந்தன.

நம் ஒப்பந்தங்களிலும் இப்படி வாயைக் கட்டும் ரகசிய ஷரத்து உண்டு. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் சம்பளம் பேசி முடித்ததும் எழுந்து போய்விடாதீர்கள். நாம் வெட்டிய நிகழ்ச்சியில் வந்தவர் தேர்தலில் நின்றால், அவர் விஷயத்தில் அந்த ஷரத்து செல்லாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்போம். வரைவு எழுதிக் கொண்டுவருகிறேன். முதல் கையெழுத்து என்னுடையது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்
சென்னை