பெயரை முழுதாகச் சொல்லு, மகள்

அன்புள்ள மகளுக்கு,

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து அம்மா எழுதுகிறேன். போனில் சொல்லத் தொடங்கினால் அழுகை வந்துவிடும், அதுதான் கடிதம். ஆறுதலாக இருந்து வாசி.

போன வெள்ளிக்கிழமை நீ கிளினிக்கில் காத்திருந்தபடி என்னோடு கதைத்துக்கொண்டிருந்தாய். நான் இங்கே சுளகை மடியில் வைத்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு நர்ஸ் உன் அப்பாவின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாள். நடுவில் ஓர் எழுத்தை விழுங்கி, கடைசியை இழுத்து. ஆனாலும் அவருடைய பெயர்தான். அங்கே அதைத்தானே உன் குடும்பப் பெயர் என்று எடுத்திருக்கிறார்கள். “என்னைத்தான் அம்மா, வைக்கிறேன்” என்று நீ வைத்துவிட்டாய். எனக்கு அதற்குப் பிறகு கை ஓடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போய் இந்த ஆறு வருஷத்தில் அந்தப் பெயரை ஒருவர் உரத்துக் கூப்பிட்டு இப்போதுதான் கேட்டேன்.

நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். முதலில் “இஞ்ச பாருங்க”, நீ பிறந்த பிறகு “மகள்ட அப்பா”. அவ்வளவுதான். அவர் செத்து மூன்றாம் மாதம் ஓர் அலுவலகத்தில், அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் பாங்குப் புத்தகத்தில் இருக்கிற பெயரும் ஒத்துவரவில்லை என்றார்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். இந்த இரண்டு பெயரும் என் கணவர் ஒருவரையே குறிக்கும் என்று எழுதி, என்னை வாசிக்கச் சொன்னார் அந்த ஐயா. வாசித்தேன். அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான், மகள். கேட்க அவர் இல்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பிரஜாவுரிமைப் படிவத்தில் பெயரை மாற்ற ஒரு வாய்ப்பு இருக்கிறது, அப்பாவின் பெயரை எடுத்துவிட்டு மாப்பிள்ளையின் பெயரைப் போடலாமா, கண்ணகி என்பதைக் ‘கென்னா’ என்று சுருக்கிவிடலாமா என்று கேட்டாய். வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்றாய்.

முதலாவதுக்கு என் பதில்: மாற்று. அப்பாவின் பெயரை விடுகிறோமே என்று நீ கலங்க வேண்டாம். நம்மிடம் குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லை. பெயருக்கு முன்னால் தகப்பன் பெயர் நிற்பது, இது யாருடைய பிள்ளை என்று சொல்வதற்கு. கலியாணம் முடித்த பெண்ணுக்கு அந்த இடத்தில் புருஷன் பெயர் வரும். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிக்கொண்டே போகும். என் அப்பப்பா ஒரு கதிர்காமத்தம்பி. அந்தப் பெயர் என் அப்பாவோடு முடிந்தது. எங்கள் பக்கத்தில் தலைமுறை விட்டுத் தலைமுறை போவது பெயர் இல்லை, குடி என்கிற வம்சம். அது தாயிடமிருந்து வருவது. கோயிலில் யாரும் “நீங்க என்ன குடி?” என்று கேட்டால் அம்மாவின் குடியைத்தான் சொல்கிறோம். பக்கத்து ஊர் முஸ்லிம் சனங்களிடமும் இந்த வழக்கம் இருக்கிறது. அம்மம்மாவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து உனக்கு, இப்போது உன் வயிற்றில் இருக்கிறதுக்கு. எந்தப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. அதனால் அதை நீதான் பிள்ளைக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

இரண்டாவதுக்குத்தான் என் மனம் ஒப்பவில்லை.

நீ பிறந்தது வைகாசியில், கண்ணகை அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு நடந்த கிழமை. சாத்திரியார் குறித்துத் தந்த எழுத்து ‘து’. பெயர் பதிய 42 நாள் இருக்கிறதுதானே, யோசிப்போம் என்று நான் ‘து’வில் தொடங்கும் பெயராகத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா ஒருநாளும் என்னோடு எதிர்த்துக் கதைக்காத மனிதர். அன்றைக்கு மட்டும், “மாமிட பேர வைப்பம்” என்றார். அம்மம்மா கண்ணகை. காலத்துக்கு ஏற்றமாதிரி உன்னைக் கண்ணகி என்று பதிந்தார். அம்மம்மா கேட்டதும் ஒன்றும் சொல்லவில்லை, உன்னை வாங்கி மடியில் கிடத்திவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. மறுகா உன்னை ஏச வேண்டி வந்தபோதெல்லாம் எனக்குப் பெயர் சொல்லி ஏச வாய் வரவில்லை. பெற்ற தாயின் பெயரல்லவா. அதனால்தான் நீ குழப்படி செய்த நாளெல்லாம் ‘கிளி’.

அந்தப் பெயர் யாருடையது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சின்னதில் சடங்குக்குக் கூட்டிப்போனால், கண்ணகி வழக்குரை பாடும்போது என் மடியிலேயே நித்திரை கொள்வாய். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவளைப் பார்த்து ‘நீ யார்’ என்று கேட்கிறான். அவள் உடனே பெயரைச் சொல்லவில்லை. முதலில் ஊரைச் சொல்கிறாள், பெரும்பெயர்ப் புகார் என்று. பிறகு மாசாத்துவான் மகன் கோவலன், அவனுடைய மனைவி நான் என்கிறாள். எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியாகத்தான் ‘கண்ணகி என்பது என் பெயரே’. ஓர் அரசன் முன்னால், கையில் ஒற்றைச் சிலம்போடு நின்று சொன்ன பெயர் அது.

நீயும் அப்படி ஒருநாள் சொன்னாய். உனக்கு முழுதாக ஞாபகம் இருக்குமோ தெரியாது, எட்டு வயது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா நாள். கடல் வந்தபோது சனம் கல்லடிப் பாலத்தால் ஓடியது. அந்த நெரிசலில் என் கையை விட்டு நீ போய்விட்டாய். நானும் அப்பாவும் டவுனில் ஒவ்வொரு பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினோம். நான் உன் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்து, பின்னேரம் வெறும் காற்றுத்தான் வந்தது. ஒரு பள்ளிக்கூட மதிலடியில் நிற்கும்போது ஒலிபெருக்கியில் கேட்டது: “கல்லடியைச் சேர்ந்த…” என்று தொடங்கி, அப்பாவின் பெயர், பிறகு “மகள் கண்ணகி”. ஊர், தகப்பன், பெயர். யார் கேட்டாலும் இப்படிச் சொல்ல வேண்டும் என்று நேசரிக்குப் போகும் வயதில் உனக்குப் பழக்கினது நான்தான், அப்பாவின் பெயரை மட்டும் அவரைக்கொண்டே சொல்லிக் கொடுத்தேன். போர்க்காலம், சோதனைச் சாவடிக்குப் பயந்து பழக்கினேன். அது கடலுக்கு உதவியது. உள்ளே ஓடினால், யாரோ ஒருவரின் பெரிய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வாங்கில் இருந்தாய். அழவில்லை. “நான் பேர் சொன்னனான் அம்மா” என்றாய்.

அந்தப் பெயரில் இருந்து ஓர் எழுத்தைக்கூட வெட்ட எனக்கு மனம் வருமா, சொல்லு.

பெயர் மாற்றுவதே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், 1924இல் சந்நியாசம் வாங்கித்தான் விபுலானந்தர் ஆனார். நம் கல்லடியில்தான் அவருடைய சமாதி, நீ படிக்கும்போது தினமும் கும்பிட்டுக்கொண்டு போவாய். அவர் வேறொரு வாழ்க்கைக்குள் போனார், அதற்கு வேறொரு பெயர் வேண்டியிருந்தது. நீ மாற்றக் கேட்பதோ அடுத்தவர்களுக்கு வாய் வரவில்லை என்பதற்காக. மட்டக்களப்பு என்று வாய் வராத வெள்ளைக்காரன் ‘பட்டிக்கலோ’ என்றான். வரைபடத்தில் இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. பஸ்ஸில் ஏறி நாம் மட்டக்களப்புக்கு என்றுதானே டிக்கெட் கேட்கிறோம்.

கண்ணகி. நாலே எழுத்து. இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் வரும். அந்த நர்ஸுக்கு உன் அப்பாவின் நீளப் பெயரே முக்கால்வாசி வந்ததே. கூப்பிடுகிறவர்கள் கென்னா என்று கூப்பிடட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. கடதாசியில் மட்டும் முழுதாக இருக்கட்டும். உன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தாயின் பெயர் என்ற இடத்தில் எழுதும்போது கண்ணகி என்று எழுத வேண்டும்.

மாப்பிள்ளைக்கும் இதை வாசித்துக் காட்டு. இரும்புச்சத்துக் குளிசையை விடாமல் போடு. சரக்குத்தூள் இடித்து வைத்திருக்கிறேன், பெரியம்மாவின் மகன் வரும்போது அனுப்புகிறேன்.

இன்னொன்று, மகள். அந்தப் படிவம் சரிவந்து பெயர் மாற எப்படியும் கொஞ்ச நாள் எடுக்கும் என்றாய். அதுவரைக்கும் கிளினிக்கில் அப்பாவின் பெயரைச் சொல்லித்தானே கூப்பிடுவார்கள். அடுத்த முறை போகும்போதும் எனக்குப் போன் எடு. அவர்கள் கூப்பிட்டதும் உடனே வைத்துவிடாதே. நீ எழும்பி உள்ளே போகும் வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டிரு.

அன்புடன்
அம்மா