எத்தனை பேர் படித்தார்கள் என்பதை நாங்கள் எங்கே போய்க் கேட்பது?

இங்கிலாந்து நீதி அமைச்சகத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். அச்சு நாளிதழில் அவதூறு வந்தால் பலர் படித்திருப்பார்கள் என்று உங்கள் நீதிமன்றங்களே எடுத்துக்கொள்கின்றன. இணையத்தில் வந்தால் அப்படி இல்லை, வாதிதான் நிரூபிக்க வேண்டும் என்று 2006இல் அல் அமூதி வழக்கில் சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் ஜமீல் வழக்கில், இங்கே அவதூறு இருந்த இணைய இணைப்பைத் திறந்தவர்கள் ஐந்தே பேர், அதிலும் மூவர் வாதியின் ஆட்கள் என்று தெரிந்ததும் வழக்கையே நிறுத்திவிட்டார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. யாருமே படிக்காத வரிக்காக ஒருவரைக் கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாதுதான். ஆனால் ஐந்து பேர் என்ற கணக்கைக் கொண்டுவந்தது யார்? வெளியிட்ட நிறுவனம். கணக்கு எப்போதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

என் அக்கா வீட்டில் வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் ஒரு குழந்தையை அடித்ததாக ஊர்க்காரர்கள் இருக்கும் ஓர் இணையக் குழுவில் யாரோ பொய்யாக எழுதினார்கள், அப்புறம் நீக்கியும் விட்டார்கள். பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள், யாரும் காரணம் சொல்லவில்லை. படித்த ஒருவராவது வாக்குமூலம் தரட்டும் என்கிறார் வழக்கறிஞர். அப்படியானால் அக்கா பள்ளி வாசலில் நின்று, “நான் பிள்ளையை அடித்தேன் என்று எழுதியிருந்தார்களே, படித்தீர்களா?” என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்க வேண்டும். படிக்காதவருக்கும் அன்றைக்குத் தெரிந்துவிடும். படித்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு “இல்லையே” என்பார். தன் மேல் விழுந்த பழியைத் தன் வாயாலேயே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனால்தான் நீதி என்றால், அது என்ன நீதி?

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டால், அந்தக் குழு இருக்கும் தளத்தை நடத்தும் நிறுவனம் கோர்ட் ஆர்டர் கேட்கிறது. அதற்கு உயர் நீதிமன்றம் போகப் பணம் வேண்டும். அவதூறு வழக்குக்கு அரசின் சட்ட உதவி பொதுவாகக் கிடையாது. 2013 அவதூறுச் சட்டம், நற்பெயருக்குக் ‘கடுமையான பாதிப்பு’ என்று காட்டும் சுமையையும் சேர்த்தது, 2019இல் லஷோ வழக்கில் உச்ச நீதிமன்றம் உண்மையில் நேர்ந்த அல்லது நேரக்கூடிய பாதிப்பைக் காட்டச் சொன்னது. சூழ்நிலையை வைத்து நீதிபதி ஊகிக்கலாம், சரி, ஊகிக்கவும் ஓர் அடிப்படை வேண்டாமா? உலகப் பணக்காரர்கள் லண்டனுக்கு வந்து அவதூறு வழக்குப் போட்ட கதைகளை நாங்களும் கேட்டிருக்கிறோம். இங்கேயே வரி கட்டி வாழும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கதவு ஏன் திறப்பதில்லை?

நான் கேட்பது ஒன்றுதான். பதிவை இந்த நாட்டில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை, பதிவு நீக்கப்பட்டிருந்தாலும், பாதிக்கப்பட்டவர் கேட்டதும் வழக்குக்கு முன்பே தளங்கள் தர வேண்டும் என்று சட்டமாக்குங்கள். படித்தவர்களின் பெயர் வேண்டாம், எண் போதும். வழக்குப் போட ஓராண்டுதான் கெடு என்பது உங்களுக்கே தெரியும், அதனால் தயவுசெய்து விரைவாகப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தம்பி