ஸ்கூல் பின்னாடி மணல்மேடு, அதுல இருக்கிற மஞ்சப்பூ – பெற்றோர்களுக்கு

நம்ம பிள்ளைகளோட அம்மா அப்பா, வாப்பா உம்மா, வீட்ல பாத்துக்குற அப்பத்தா, ஐயா எல்லாருக்கும் வணக்கம்.

போன பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல ஸ்கூலுக்குப் பின்னாடி கிடக்குற மணல்மேட்டை ஜேசிபி விட்டு தட்டி சமமாக்கிட்டா ஆண்டு விழாவுக்கு பந்தல் போட்டுக்கலாம், அப்புறம் அதையே கிரவுண்டா வச்சுக்கலாம்னு சில பேர் சொன்னீங்க, வண்டி வாடகையைக்கூட நாங்களே போட்டுக்கிறோம்னு சொன்னீங்க, மனசார நன்றி. ஆனா வேண்டாங்க. ஏன்னு அன்னைக்கு சொல்ல நேரமில்ல, பஸ்ஸுக்கு லேட்டாச்சுன்னு எல்லாரும் கிளம்பிட்டீங்க, அதான் குரூப்ல எழுதுறேன். நீளமா இருக்குன்னு ஸ்கிப் பண்ணிராதீங்க.

அந்த மேட்டுல கடலைப் பாத்த பக்கம் தரையோட தரையா படர்ந்து மஞ்சளா ஒரு சின்னப் பூ பூக்குது, பாத்திருப்பீங்க, ஆனா யாரும் குனிஞ்சு பாத்திருக்க மாட்டீங்க. நாட்டு வைத்தியம் தெரிஞ்சவங்க எழுத்தாணிப்பூண்டுன்னு சொல்லுவாங்க, சயின்ஸ் டீச்சர் வாயில லானியா சார்மென்டோசா. சூரியகாந்தி, செவ்வந்தி, கரிசலாங்கண்ணி, முட்டி பேந்தா பிள்ளைங்க கசக்கி வைக்குற வெட்டுக்காயப் பூண்டு எல்லாம் ஒரே குடும்பம், இதுவும் அந்தக் குடும்பம்தான். ஒரு மழைக்கு முளைச்சு வெயிலுக்கு சாகுற செடி இல்ல, வருஷக்கணக்கா அங்கயே கிடக்கும். வேர் கனமா கீழ இறங்கி ஈர மணலைப் புடிச்சுக்குது. மேல மணல் கால் வைக்க முடியாம கொதிக்குற நாள்லயும் கொஞ்சம் தோண்டுனா ஈரம் இருக்குல்ல, அதை நம்பித்தான் அது உசிரோட இருக்கு.

ஏழாங்கிளாஸ் பிள்ளைங்க லென்ஸ் வச்சுப் பாத்துட்டு வந்து என்கிட்ட சொன்னதை நானும் போய்ப் பாத்தேன். ஒரு பூன்னு நாம நினைக்குறது ஒரு பூ இல்ல, பூக்களோட கூட்டம். இதழ்னு நாம பிய்க்குறமே அது ஒவ்வொண்ணும் தனித்தனிப் பூ, நுனியில அஞ்சு குட்டிப் பல்லு, அடியில தனித்தனியா சூலகம், அது ஒவ்வொண்ணும் ஒரு விதை ஆகும். விதை முத்துனா தலையில வெள்ளை முடி வந்து காத்துல போயிரும். இலையைக் கிள்ளுனா பால் வருது. காலையில போனா நல்லா விரிஞ்சிருக்கு, வெயில் ஏறுன பிறகு போனா மூடிக்குது, அதனால பத்து மணிக்கு மேல போய்ட்டு "பூவே இல்லையே மிஸ்"னு சொல்றவங்களுக்கு நான் பதில் சொல்றதில்ல.

முக்கியமான விஷயம் அதோட கொடி. தாய்ச்செடியில இருந்து மெல்லிசா ஒரு தண்டு மணல் மேல ஓடும், கணுவுக்குக் கணு வேர் விட்டு அங்க ஒரு கொத்து இலை, மறுபடி ஓடும், மறுபடி வேர், மணலை தையல் போட்டுத் தைச்ச மாதிரி. நம்ம தென்கடல் பக்கம் கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, அடிக்குற மாசத்துல மணல் பறக்குறது தெரியும்ல, சாப்பாட்டுத் தட்டுல வந்து விழுதே, அந்த மணலை இந்த இலைக்கொத்து, அடம்பங்கொடி, பின்னாடி ராவணன் மீசைப் புல்லு மூணும் சேர்ந்து நிப்பாட்டி வைக்குது. செடி மூடிப்போனா அது சாகாது, மணலுக்கு மேல திரும்ப ஏறி வரும், அப்படி ஏற ஏறத்தான் மேடு உயருது. யாரும் லாரியில கொண்டாந்து கொட்டுன மேடு இல்லங்க அது. தட்டிட்டா மறு கச்சானுக்கு அவ்ளோ மணலும் நேரா கிளாஸ்ரூமுக்குள்ள வரும். 1964 டிசம்பர்ல தனுஷ்கோடிக்கு வந்த மாதிரி புயலை இந்தச் செடி தடுத்துரும்னு நான் அளந்துவிட மாட்டேன், அதெல்லாம் முடியாது, நான் சொல்றது வருஷா வருஷம் வர்ற காத்தைத்தான்.

இன்னொண்ணு தண்ணி. தனுஷ்கோடியில கடலுக்குப் பக்கத்துலயே மணலைக் கையால தோண்டி குடிக்க நல்ல தண்ணி எடுக்குறாங்க. நம்ம தெருவுல பாதிப்பேர் ஊத்துத் தண்ணிதான் தூக்கிட்டு வர்றீங்க. அது எங்க இருந்து வருது? மழைத்தண்ணி மணல்ல இறங்கி, உப்புத்தண்ணியை விட லேசா இருக்குறதால அது மேல மிதந்து நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா கீழ சுமார் 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும்னு ஒரு கணக்கு உண்டு. அதனால மேட்டை வெட்டி அந்த நல்ல தண்ணி மட்டம் ஒரு அடி இறங்குனா ஒரு அடிதானேன்னு நினைக்காதீங்க, அடியில எவ்ளோ போகும்னு பாருங்க. ஊத்து உப்பாச்சுன்னா குடத்தைத் தூக்கிட்டு லாரிக்கு நிக்கப்போறது நம்ம வீட்டுப் பொம்பளைங்கதான்.

சட்டமும் இருக்கு. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில மணல்மேடு ரொம்ப கட்டுப்பாடான வகையில வருது, ஜேசிபி வந்தா கேள்வி என்கிட்டதான் வரும்.

சவுக்கு நடலாம்னும் ஒருத்தர் சொன்னாரு. நல்ல எண்ணம்தான், ஆனா நிழலும் சருகும் விழுந்தா வெயிலுக்குன்னே இருக்குற இந்தக் கொடிங்க செத்துரும், எனக்கு அதுல விருப்பமில்ல.

"இதெல்லாம் பரீட்சையில வருமா டீச்சர்"னு கேட்டவங்களுக்கு: இலை, வேர், மகரந்தம், விதை பரவுறது எல்லாமே சிலபஸ்தான், புத்தகத்துல படமா பாக்குறதை இங்க கையில தொட்டுப் பாக்குறாங்க, அவ்ளோதான்.

மாலத்தீவுல இந்த இலையைப் பொடியா நறுக்கி மாசிக்கருவாடு, தேங்காய்ப்பூ போட்டு பிசைஞ்சு பச்சையா திங்குறாங்கன்னு கிளாஸ்ல சொல்லிட்டாங்க போல, ரெண்டு மூணு பிள்ளைங்க வீட்டுக்கு பறிச்சிட்டுப் போயிருக்கு. தயவுசெஞ்சு திங்க விடாதீங்க, பிள்ளைங்களுக்கு எது எந்தச் செடின்னு இன்னும் சரியாத் தெரியாது, மேட்டுல நாய் நரகல் வேற.

இனிமே செய்ய வேண்டியது: மேட்டுல ஆடு கட்டாதீங்க, பைக், லோடு ஆட்டோ அது வழியா விடாதீங்க, கருவாடு காயப்போடுறவங்க வடக்குப் பக்கம் செடி இல்லாத இடத்துல போட்டுக்கோங்க, அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஆறு, ஏழு, எட்டு பிள்ளைங்க கிழிஞ்ச வலை, பிளாஸ்டிக் பொறுக்கப் போறாங்க. செருப்பு கட்டாயம், நெருஞ்சி முள் கிடக்கு, தொப்பி, தண்ணி பாட்டில் குடுத்துவிடுங்க. செடியைப் புடுங்கக் கூடாதுன்னு வீட்லயும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க.

பந்தல் முன்வாசல் வேப்பமரத்தடியில போட்டுக்கலாம், இடம் பத்தும், நான் அளந்து பாத்துட்டேன். வண்டி வாடகைக்கு வச்ச காசை சேர் வாடகைக்கு குடுக்க முடியுமான்னு மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியை