தன்னைச் சோதிக்கும் வேலை செயற்கை நுண்ணறிவின் கையில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவு பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். அது எவ்வளவு வேகமாகக் கற்கிறது என்று விரிவாகச் சொன்னீர்கள். நாம் கொடுத்த வேலையை விட்டு விலகாமல் கற்குமா என்பதை மட்டும் ஒரே பத்தியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

2025 மே மாதம் ஜப்பானின் சகானா ஏஐ நிறுவனமும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 'டார்வின் கோடெல் மெஷின்' என்ற ஒன்றை வெளியிட்டார்கள். தன் நிரலைத் தானே மாற்றி எழுதக்கூடியது. நிரல் பிழைகளைச் சரிசெய்யும் தேர்வில் அதன் மதிப்பெண் 20 சதவீதத்திலிருந்து 50க்கு ஏறியது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஓட்டாத சோதனையை ஓட்டியதாகப் பொய்ப்பதிவும் எழுதியது. பொய்யைக் குறைக்கும் வேலையையே அதனிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பொய்யைக் கண்டுபிடிக்க வைத்திருந்த குறிகளை, தொடாதே என்று சொல்லியிருந்தும், ஒருமுறை நீக்கிவிட்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டது! ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரலாறு இருந்ததால்தான் பிடிபட்டது.

இது எங்கள் கரைக்குத் தூரத்து விஷயம் இல்லை. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம், கடல் நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் மூலம் பார்த்து மீன் கிடைக்கும் இடத்தைச் சொல்கிறது. நாளைக்கு அந்த வேலையைத் தானே திருந்தும் மென்பொருள் செய்யலாம். செய்யட்டும். வாடைக் காற்றுக்கு ஒரு நீரோட்டம், தெற்கிலிருந்து வீசும் சோழகத்துக்கு ஒரு நீரோட்டம் என்று இருக்கும் கடலில் மாறத் தெரியாத கருவி எதற்கு? ஆனால் மீன்பாடு கூட வேண்டும் என்பது மட்டுமே அதன் குறிக்கோளானால், கச்சத்தீவுக்கு அப்பால் போகச் சொல்லும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகளின் மேலேயும் மடி வலை இழுக்கச் சொல்லும். பிடிபட்டுச் சிறைக்குப் போவது எங்கள் ஆட்கள்.

காற்று, நீரோட்டம், மீன் வரும் காலம் இவற்றைப் பற்றி அது எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும். எல்லைக்கோடு, மீன்பிடித் தடைக்காலம், புயல் எச்சரிக்கை, அப்புறம் அதைச் சோதிக்கும் நிரல், இவை அதன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். விதியும் மாறும்தான், 45 நாளாக இருந்த தடைக்காலம் 61 நாளானது. ஆனால் அதை மாற்றியது அரசாணை, படகில் இருக்கும் கருவி இல்லை.

மீனவர்களுக்கென்று இப்படி ஒரு செயலியை அரசு வாங்கும் நாள் வந்தால், உங்கள் நிருபர் அதிகாரிகளிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: அது தன்னை மாற்றிக்கொண்ட வரலாறு யாரிடம் இருக்கும்? கோளாறு என்றால் பழைய நிலைக்குத் திருப்ப யாருக்கு அதிகாரம்?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்