கொடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி: மகளுக்கு ஒரு கடிதம்

பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறோம்.

சிங்கப்பூரில் உன்னோடு வேலை பார்ப்பவர்களும் உங்கள் அடுக்ககத்துத் தமிழ்க் குடும்பங்களும் சேர்ந்து, நான் கணக்குப் பார்த்துவரும் தர்ம மருத்துவமனைக்கு சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஒரு டயாலிசிஸ் இயந்திரம் வாங்கித் தர நினைக்கிறார்கள் என்று நீ எழுதியிருந்ததை அம்மா மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் வணக்கத்தை இப்போதே சொல்லிவிடு. அதோடு, அவர்களுக்கு எப்படி நன்றி தெரிவிப்பீர்கள் என்றும், நோயாளி ஒருவர் கைகூப்பி இரண்டு வார்த்தை பேசுவதைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்ப இயலுமா என்றும் கேட்டிருந்தாய். உன்னிடம் இதைக் கேட்டவர் நல்ல மனத்தோடுதான் கேட்டிருப்பார். தாம் கொடுத்த பணம் ஓர் உயிரைப் போய்ச் சேர்ந்தது என்று கண்ணால் பார்க்க விரும்புவது இயல்பு. ஆனாலும் அப்படி ஒரு படத்தை நாங்கள் அனுப்ப மாட்டோம். ஏன் என்பதையும், அதற்குப் பதிலாக என்ன அனுப்புவோம் என்பதையும் நீ அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டிலில் படுத்திருப்பவரிடம், அதுவும் கையில் ஊசி குத்தி, இரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், 'ஐயா, கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்கிறீர்களா' என்று கேட்டால் அவர் மறுக்க மாட்டார். மறுத்தால் அடுத்த வாரம் தம் முறை தள்ளிப்போகுமோ என்ற அச்சம் அவருக்கு இருக்கும். நாம் அப்படிச் செய்யவே மாட்டோம் என்றாலும் அந்த அச்சம் இருக்கும். மறுக்க முடியாத இடத்தில் இருப்பவர் தரும் சம்மதத்தை நான் சம்மதமாக எண்ணுவதில்லை. கொருக்குப்பேட்டையில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர், காசிமேட்டில் வலை பின்னியவர், வியாசர்பாடியில் வீட்டு வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர் என்று இங்கு வருகிறவர்கள் எல்லோரும் வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சாப்பிட்டவர்கள். தங்கள் நோய் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மகளின் சம்பந்தம் தட்டிப்போகும் என்று அஞ்சுகிறவர்களும் அவர்களில் உண்டு. கொடுத்தவருக்கு நன்றி சொல்லும் கடமை வாங்கிச் செலவழித்த மருத்துவமனைக்கு உரியது; அதை நோயாளியின் தலையில் ஏற்றுவது முறையாகாது.

சரி, மருத்துவமனை எப்படி நன்றி சொல்கிறது? துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துப் பழகிய எனக்குத் தெரிந்த மிக நேர்மையான நன்றி, கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று சொல்வதுதான். ரசீதோடு ஒரு கடிதம் போகும். ஆண்டு முடிவில் மற்றொரு கடிதம் போகும். அதில் அவர் எந்தச் செலவுக்கென்று கொடுத்தாரோ அந்தச் செலவின் விவரம் இருக்கும். இயந்திரம் பழுதாகி நின்ற நாட்கள் இருந்தால் அதுவும், உதிரிப்பாகம் வரத் தாமதமானால் அதுவும், மிச்சம் இருந்தால் அந்த மிச்சம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதும் எழுதப்படும். நல்ல செய்தியை மட்டும் எழுதினால் படிப்பவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று அறங்காவலர்களில் ஒருவர் சொன்னார். கெட்ட செய்தியையும் எழுதினால்தான் நல்ல செய்தியை நம்புவார்கள் என்று நான் சொன்னேன்; அவரும் ஒப்புக்கொண்டார்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. காஞ்சிபுரம் பக்கத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலுக்கு நீ பள்ளியில் படிக்கும்போது போயிருக்கிறோம். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் அக்கோயிலைச் சார்ந்து நடந்த 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, பற்றியது அது. மருத்துவருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மூலிகை கொண்டுவருபவர்களுக்கும் நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கும் எவ்வளவு, எந்தெந்த மருந்தை எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்று வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கொடுத்த அரசனின் புகழ் கல்வெட்டின் தலைப்பகுதியில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதைத் தொடர்ந்து வரும் கணக்கை வழிப்போக்கர் எவரும் படித்து, எழுதியபடி நடக்கிறதா என்று கேட்க முடிந்தது. எனக்கு அந்தக் கணக்கின் மீதுதான் பெருமதிப்பு.

நம் வடசென்னை கொடையால் வைத்தியம் பெற்ற ஊர் என்பதையும் உன் நண்பர்களுக்குச் சொல். 1782-இல் பஞ்சம் வந்தபோது பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இப்போதும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். நீ பிறந்த ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் கட்டிய ராஜா சர் ராமசாமி முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1888-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மெட்டில்டா மக்பெயில் என்ற பெண் மருத்துவர் தொடங்கிய பணியிலிருந்து வந்தது ரெய்னி மருத்துவமனை. பெயர் தெரிந்த இவர்களுக்குப் பின்னால், கஞ்சிக்கு அரிசி கொடுத்தவர்களும், கடல் கடந்த ஊர்களில் தேவாலயத் தட்டில் காசு போட்டவர்களும் பெயர் தெரியாமல் போனார்கள். நன்றிக் கடிதம் எழுத உட்காரும்போது அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

எங்களுக்குக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் சிறு தொகை கொடுப்பவர்கள். எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர்கள் தீபாவளி வியாபாரம் முடிந்ததும் கொடுப்பார்கள். பெற்றோரின் திதியன்று நோயாளிகளோடு தங்கியிருப்பவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடச் சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. காசிமேட்டுப் படகுக்காரர்களின் பணம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வராது. படகு கடலுக்குப் போகத் தொடங்கியதும், கேட்காமலே கொண்டுவந்து கொடுப்பார்கள். தடைக்காலத்தில் அவர்கள் வீட்டிலேயே அடுப்பு எரியச் சிரமம் என்பதால் அந்த மாதங்களில் நினைவூட்டுக் கடிதம் அனுப்பக் கூடாது என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். மண்ணடியிலிருந்து இஸ்லாமியக் குடும்பங்கள் ரமலானில் ஜகாத் தொகையைத் தருவார்கள். சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை என்று கணக்கிட்டு அவர்கள் எடுத்துவைக்கும் அந்தப் பணம் அதைப் பெற உரிய ஏழைகளுக்கே சேர வேண்டும். ஆகவே அதற்குத் தனி வங்கிக் கணக்கு உண்டு. கட்டடத்துக்கோ சம்பளத்துக்கோ அதிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க மாட்டோம். அவர்களுக்குப் போகும் நன்றிக் கடிதத்தில் முதலில் எழுதப்படுவது இந்த ஒரு செய்திதான், ஏனென்றால் அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கொடுத்தால் கடிதம் எழுதாமல் விடுவதில்லை. மீன் விற்கும் அம்மா ஒருவர் மாதந்தோறும் வந்து நூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போகிறார். அவருக்கு எழுதும் கடிதத்தை அவர் வரும்போது நான் வாசித்துக் காட்டுவேன். முழுவதையும் கேட்டு, புரியாததைக் கேள்வி கேட்டு, பிறகு கடிதத்தை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொள்வார். லட்ச ரூபாய் கொடுத்தவருக்கும் அவருக்கும் ஒரே தாள், ஒரே நீளம், ஒரே கையெழுத்து. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இரத்தம் கொடுக்கும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 350 மில்லி கொடுத்துவிட்டு, பழச்சாறும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடுகிற கல்லூரி மாணவர்கள் அவர்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம் என்பதைக் கணக்கு வைத்துக்கொண்டு, நாள் வந்ததும் தாங்களாகவே விசாரிக்கிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் நம் நாட்டில் பணம் வாங்கிக்கொண்டு இரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே அவர்களுக்கு நன்றியைத் தவிர நாம் தரக்கூடியது எதுவும் இல்லை. அதையாவது உரிய காலத்தில், பெயரைப் பிழையில்லாமல் எழுதித் தர வேண்டும் என்று அலுவலகப் பெண்களிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது இயந்திரத்துக்கு வருகிறேன். அதை நாங்கள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வோம், பக்கத்துச் சுவரில் கொடுத்தவர்களின் பெயர்ப்பலகையும் வைப்போம். ஆனால் இயந்திரம் மட்டும் இருந்தால் டயாலிசிஸ் நடக்காது. ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் செய்ய வேண்டியிருக்கிறது. இரத்தத்தின் கழிவை ஏற்றுச் செல்லும் கரைசல் நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓடுவதால் ஒரு முறைக்கு 120 லிட்டர் அளவுக்குச் சுத்திகரித்த தண்ணீர் செலவாகிறது. கடலை ஒட்டிய நம் பகுதி நிலத்தடி நீர் உப்பு. லாரித் தண்ணீரில் குளோரின். குளோரின் நீங்காத தண்ணீர் இயந்திரத்துக்குள் போனால் நோயாளியின் இரத்த அணுக்கள் சிதைந்துவிடும். ஆகவே கரி வடிகட்டியும் ஆர்.ஓ. சவ்வும் உரிய காலத்தில் மாற்றப்பட வேண்டும். அவற்றோடு இரத்தத்தை வடிகட்டும் டயலைசர், இரத்தக் குழாய்கள், இரத்த சோகைக்கான ஊசி, டெக்னீஷியன் சம்பளம், மின்தடைக்கு ஜெனரேட்டர் டீசல் எல்லாம் மாதந்தோறும் வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு இடமிருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அட்டை உண்டு. அட்டை இல்லாதவர்கள், அட்டைக்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள், மணலிப் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆகியோரின் செலவைத்தான் நன்கொடை தாங்குகிறது.

இயந்திரத்துக்குக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். சவ்வுக்கும் டீசலுக்கும் கொடுப்பவர்கள் அரிது, ஏனென்றால் அவற்றின் மேல் பெயர் எழுத முடியாது. உன் நண்பர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: சேரும் தொகையில் பாதியையாவது இந்தச் செலவுகளுக்கு ஒதுக்கித் தந்தால், எத்தனை முறை டயாலிசிஸ் அதனால் நடந்தது என்பதை மாதவாரியாக எழுதி அனுப்புகிறேன். அந்தத் தாளில் எந்த நோயாளியின் பெயரும் இருக்காது. அவர்களில் யாரேனும் சென்னைக்கு வந்தால் நேரில் வந்து தண்ணீர் சுத்திகரிக்கும் அறையையும் கணக்குப் புத்தகத்தையும் பார்க்கலாம்.

பணம் அனுப்புவதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது, இதில் கவனமாக இரு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புகள் மட்டுமே வெளிநாட்டவரிடம் பணம் வாங்கலாம். அதையும் டில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வாங்க வேண்டும். நம் மருத்துவமனைக்கு அவை இரண்டும் இல்லை. உன்னைப் போல இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது என்பதால் அதைத் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர்கள், தமிழர்களாகவே இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அவர்களிடம் வாங்க முடியாது. அவர்கள் பணத்தை உன் கணக்கில் சேர்த்து உன் பெயரில் அனுப்புவதும் கூடாது. இதைச் சொல்லும்போது அவர்கள் மனம் நோகாமல் சொல். விரும்பினால், பதிவு பெற்ற வேறு மருத்துவமனைகளின் பெயர்களை விசாரித்து அனுப்புகிறேன். சிங்கப்பூரிலும் பொதுமக்களிடம் வெளிநாட்டு அறப்பணிக்கு வசூலிக்க அரசு அனுமதி வேண்டும் என்பதால், தெரிந்தவர்கள் தாமாகக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கொடுக்கப்போகிறவர்களின் முழுப் பெயர், தமிழில் எப்படி எழுத வேண்டும் என்பது, முகவரி, பான் எண், இயந்திரத்துக்கா மாதச் செலவுக்கா என்ற விருப்பம் ஆகியவற்றைத் தனித்தனித் தாளில் வாங்கி அனுப்பு. கடிதம் வேண்டாம், பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று யாரேனும் சொன்னால் அதையும் குறித்துவிடு. அவர்களுக்கு ரசீது மட்டும் வரும். விவரம் வந்த பிறகே வங்கிக் கணக்கு எண்ணைத் தருவேன். அம்மா பேத்திக்குத் தனியாக எழுதுகிறாள்.

அன்புடன்,
அப்பா